பட்டம் இல்லாத பறவை அறிஞர்: சலீம் அலியின் வாழ்வு

தூக்கணாங்குருவியின் கூட்டைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. கிணற்றோரப் பனையிலும் ஈச்ச மரத்திலும் சுரைக்குடுக்கை போலத் தொங்கும் அந்தக் கூட்டைப் பற்றி நம் வீடுகளில் எத்தனையோ கதைகள் உண்டு. குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டை இழந்த கதையும், மின்மினியைப் பிடித்துக் களிமண்ணில் ஒட்டி விளக்கேற்றும் கதையும் அனைவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூட்டுக்குள் நடக்கும் இல்லறம் எப்படிப்பட்டது என்பதை உட்கார்ந்து பார்த்து, எழுதி, உலகத்துக்குச் சொன்னவர் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், அதைச் செய்தபோது அவர் வேலை இழந்து வீட்டில் இருந்தவர் என்பதும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அவர்தான் சலீம் அலி.

1896 நவம்பர் 12 அன்று மும்பையில், சுலைமானி போஹ்ரா குடும்பம் ஒன்றின் கடைசிக் குழந்தையாக அவர் பிறந்தார். முழுப்பெயர் சலீம் முயிஸுத்தீன் அப்துல் அலி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாய் ஜீனத்துன்னிஸாவும் இறந்துவிட்டார். யதீமாகிவிட்ட பிள்ளைகளைத் தாய்மாமா அமீருத்தீன் தயாப்ஜியும், குழந்தை இல்லாத மாமி ஹமீதா பேகமும் தம் கேத்வாடி வீட்டில் வைத்து வளர்த்தார்கள். தயாப்ஜி குடும்பத்தை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 1887-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தயாப்ஜி அந்தக் குடும்பம்தான். காந்தியடிகளின் நெருங்கிய தோழராக இருந்த அப்பாஸ் தயாப்ஜியும் சலீமுக்கு மாமா முறை. வசதியும் கல்வியும் உள்ள வீடு. ஆனால் அந்த வீட்டில் பறவையை ஒரு படிப்பாக யாரும் நினைத்ததில்லை. பறவை என்றால் வேட்டை, வேட்டை என்றால் சாப்பாடு.

மாமா ஒரு சிறு ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு சிட்டுக்குருவி சுடுவதுதான் பையனின் விளையாட்டு. ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை பட்டதுபோல் ஓர் அடையாளம் இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவி இல்லையே, இதைச் சாப்பிடலாமா, மார்க்கத்தில் ஆகுமா என்ற சந்தேகம் சிறுவனுக்கு வந்துவிட்டது. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். மாமாவுக்கும் பதில் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பிவைத்தார். மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார், படிக்கப் புத்தகமும் கொடுத்தார். ஃபிக்ஹ் பாடத்தில் எழவேண்டிய ஒரு கேள்வி அந்தப் பிள்ளையை வேறொரு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அந்த வயதில் அவர் எழுதிவைத்த ஒரு குறிப்பு இன்றும் பேசப்படுகிறது. குதிரை லாயத்தின் சுவர்ப்பொந்தில் ஒரு சிட்டுக்குருவிக் கூடு. உள்ளே பெண் முட்டை மேல் இருக்கும், ஆண் வெளியே ஓர் ஆணியின் மேல் காவல் இருக்கும். வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்து பையன் ஆணைச் சுட்டுவிட்டான். சற்று நேரத்தில் அந்தப் பெண் இன்னோர் ஆணைத் தேடிக்கொண்டது. அதையும் சுட்டான். அடுத்தது வந்தது. ஏழே நாளில் எட்டு ஆண் குருவிகள் அந்த ஆணியிலிருந்து விழுந்தன. கேட்க நமக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பையன் தேதியோடு அதை எழுதிவைத்தான் என்பதையும், இத்தனை ஆண்கள் ஜோடியில்லாமல் பக்கத்திலேயே காத்திருக்கின்றன என்பதைக் கண்டுகொண்டான் என்பதையும் கவனிக்க வேண்டும். சுமார் 60 ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு பறவை ஆர்வலர்களின் இதழ் ஒன்றில் வெளியானது.

படிப்பில் அவர் சுமார்தான். ஓயாத தலைவலி அவரைப் பள்ளியிலிருந்து அடிக்கடி விலக்கியது, உடம்பு தேற சிந்துப் பகுதிக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1913-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். செயின்ட் சேவியர் கல்லூரியில் முதல் ஆண்டே கணக்கும் மற்றதும் ஒத்துவரவில்லை. பர்மாவின் தவாய் பகுதியில் குடும்பத்துக்கு இருந்த சுரங்க, மர வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். அங்கே வியாபாரத்தைவிடக் காட்டைத்தான் அதிகம் பார்த்தார். 1917-ல் திரும்பி வந்தவர் ஒரு பக்கம் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார், இன்னொரு பக்கம் சேவியர் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர் வற்புறுத்தியதால் விலங்கியலும் படித்தார். 1918 டிசம்பரில் தூரத்து உறவான தெஹ்மினா பேகத்தை மணந்தார். கொஞ்ச காலத்தில் பர்மா வியாபாரம் நொடித்துப்போனது.

கையில் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. இந்த நாட்டின் பறவைகளைப் பற்றிப் பின்னாளில் யாரும் எழுத முடியாத அளவுக்கு எழுதப்போகும் ஒருவரை, ஒரு சான்றிதழ் குறைகிறது என்று அந்த அலுவலகம் திருப்பி அனுப்பியது. 1926-ல் மும்பை பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பிரிவில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 350 ரூபாய். அன்றைக்கு அது நல்ல சம்பளம்.

அந்தக் காலத்தில் அவர் எழுதிய தொடர் கட்டுரை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முகலாயப் பேரரசர்களை இயற்கை ஆர்வலர்களாகவும் வேட்டைக்காரர்களாகவும் ஆராய்ந்து சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். பேரரசர் ஜஹாங்கீர், லைலா மஜ்னு என்று பெயரிட்டு வளர்த்த சாரஸ் கொக்கு ஜோடி முட்டையிட்டு அடைகாத்ததை நாள்வாரியாகக் குறித்துவைத்தவர். நம் மதரஸா நூலகங்களில் தூசி படிந்து கிடக்கும் தமீரியின் ஹயாத்துல் ஹயவானையும், அதற்கு ஐந்து நூற்றாண்டு முந்தைய ஜாஹிழின் கிதாபுல் ஹயவானையும் புரட்டியவர்களுக்கு, உயிரினங்களை உற்றுப் பார்ப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல என்பது தெரியும். நடுவில் எங்கோ அறுந்துபோன நூலாகத்தான் அது இருக்கிறது.

விளக்கம் சொல்லும் வேலை விரைவில் அவருக்குச் சலித்துவிட்டது. தனக்கு முறையான பயிற்சி போதாது என்பதும் தெரிந்தது. 1928-ல் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியர் அவரை அரவணைத்துக்கொண்டார். கடைசி வரை சலீம் அலி தன் உஸ்தாத் என்று கருதியது அவரைத்தான். ஹெலிகோலாந்து தீவில், வலசை போகும் பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவை போகுமிடத்தை அறியும் முறையையும் நேரில் பார்த்தார். இனம் பிரித்துப் பெயர் வைப்பதோடு பறவையியல் முடிந்துவிடாது, உயிருள்ள பறவை எப்படி வாழ்கிறது என்பதே பெரிய கேள்வி என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது.

1930-ல் ஊர் திரும்பினால், அருங்காட்சியகத்தில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். நிதி இல்லையாம். 34 வயதை நெருங்கும் ஆள், வெளிநாட்டில் படித்து வந்தவர், வேலை இல்லை. உறவினர்கள் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்க நம் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் சிரமம் இருக்காது. தெஹ்மினாவுக்குச் சிறு வருமானம் இருந்தது. செலவைக் குறைக்க இருவரும் மும்பைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் கிஹிம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள்.

வீட்டுக்குப் பக்கத்து மரம் ஒன்றில் தூக்கணாங்குருவிக் கூட்டம் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. மழைக்காலம். சலீம் அலிக்கு வேறு வேலை இல்லை. மறைப்பு ஒன்றைக் கட்டி அதற்குள் உட்கார்ந்துவிட்டார். மணிக்கணக்காக, நாள்கணக்காக, மாதக்கணக்காக. எந்தக் கூட்டில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறித்துவந்தார்.

அதுவரை பலரும் நினைத்திருந்தது இதுதான்: ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஒரு கூடு கட்டுகின்றன, மரத்தில் பாதியில் நிற்கும் மற்றக் கூடுகள் ஆண் குருவி உட்கார்ந்து ஓய்வெடுக்கக் கட்டியவை. சலீம் அலி கண்டது முற்றிலும் வேறு. கூட்டைக் கட்டுவது ஆண். புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து, தலைக்கவசம் கவிழ்த்தாற்போல் பாதி வடிவம் வரும்வரை முடைகிறது. அந்த நிலையில் பெண்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கூட்டுக்கூடாகப் புகுந்து, அலகால் இழுத்துப் பார்த்துச் சோதிக்கின்றன. ஆண்கள் சிறகடித்துக் கத்தி அழைத்தாலும் முடிவு பெண்ணிடம்தான். அது விரும்புவது கூட்டை, கூடு பிடித்துவிட்டால் அதன் சொந்தக்காரன் கணவன். பெண் உள்ளே அமர்ந்த பிறகுதான் ஆண் மீதியை முடித்து, நீண்ட குழாய் வாசலையும் இறக்குகிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆணுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த பெண்ணை எதிர்பார்க்கிறது. இப்படி ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகள். எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே கைவிடப்படுகிறது. நாம் மரத்தில் பார்க்கும் அரைகுறைக் கூடுகளின் இரகசியம் அதுதான்.

(ஒரு வார்த்தை. இதை மேடையில் எடுத்துக்காட்டாக வைத்துப் பலதார மணத்தைப் பேச யாரும் கிளம்பிவிட வேண்டாம். பறவையின் வாழ்வு பறவைக்கு, மனிதனின் சட்டம் மனிதனுக்கு. சலீம் அலியும் கண்டதைத்தான் எழுதினார், யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை.)

இந்த ஆய்வு 1931-ல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. அருங்காட்சியகத்தில் அந்த வேலை நீடித்திருந்தால் அந்த மழைக்காலத்தில் அவர் பார்வையாளர்களுக்குப் புலித்தோலைக் காட்டிக்கொண்டிருந்திருப்பார்.

அதன்பின் அவர் கண்ட வழி துணிச்சலானது. சம்பளம் கேட்டால்தானே இல்லை என்பார்கள்? சமஸ்தானங்களுக்கு எழுதினார்: எனக்குக் கூலி வேண்டாம், முகாம் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் உங்கள் நாட்டின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன். ஹைதராபாத் நிஜாம் அரசு முதலில் ஒப்புக்கொண்டது. 1933-ல் திருவிதாங்கூரும் கொச்சியும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது. பிறகு குவாலியர், இந்தூர், போபால், மைசூர். நீலகிரியில் கோத்தகிரியிலும் கொஞ்ச காலம் குடியிருந்தார்கள்.

இந்தப் பயணங்களில் தெஹ்மினா உடன் இருந்தார். வசதியான வீட்டுப் பெண், கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் கணவரோடு அலைந்தார். முகாமின் நிர்வாகம் அவர் கையில். சலீம் அலியின் ஆங்கிலம் எளிமையும் அழகும் பெற்றதற்கு அவருடைய வாசிப்பும் திருத்தமும் ஒரு காரணம். 1939-ல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரத்தத்தில் நஞ்சேறி அந்த அம்மையார் மரணமடைந்தார். குழந்தைகள் இல்லை. சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பாந்த்ராவில் தமக்கை கமூ, மச்சான் ஹசன் அலி ஆகியோரின் வீட்டில் ஒதுங்கினார். தன் வாழ்வின் பெரிய இழப்பு அதுதான் என்பதை அவர் எழுத்தில் உணரலாம். அதற்குமேல் அதைப் பற்றி அதிகம் பேசியவர் அல்லர்.

1941-ல் வந்தது இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல். படத்தோடு, சாதாரண மனிதனும் தன் வீட்டு மரத்தில் இருப்பது என்ன பறவை என்று அறியும்படி எழுதப்பட்டது. ஜவஹர்லால் நேரு சிறையில் இருந்த காலத்தில் மகள் இந்திராவுக்கு இந்நூலைப் பரிசாக அளித்தார். இந்திரா காந்திக்குப் பறவைகள்மேல் வந்த பிரியத்துக்கு அது ஒரு தொடக்கம். இந்தப் பிரியம் பின்னாளில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணையிலிருந்து காக்கச் சலீம் அலி குரல் கொடுத்தபோது பயன்பட்டது.

1947-ல் நாடு பிரிந்தபோது இயற்கை வரலாற்றுச் சங்கத்தை நடத்திவந்த ஆங்கிலேயர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 1883-ல் தொடங்கிய சங்கம் மூடப்படும் நிலை. சலீம் அலி அதைத் தோளில் ஏற்றுக்கொண்டார். நேருவுக்கு எழுதி அரசு உதவி பெற்றார். நாடு இரண்டானாலும் பறவைக்கு எல்லை இல்லை. அமெரிக்கர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக அவர் வெளியிட்ட பெருநூலின் பெயரிலேயே இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்தே இருந்தன. அந்தக் கடைசித் தொகுதி வந்தபோது அவருக்கு 78 வயது.

நம் சமுதாயப் பத்திரிகைகள் முஸ்லிம் விஞ்ஞானிகள் பட்டியலில் அவரைச் சேர்த்துப் பெருமைப்படுவதுண்டு. பெருமைப்படலாம். ஆனால் மனிதரை நம் விருப்பத்துக்குத் தைத்துக்கொள்ளக் கூடாது. சிறுவயதிலேயே, பொருள் புரியாமல் ஓதவைத்த தொழுகையின் மேலும், வெளிவேடப் பக்தியின் மேலும் மனம் விலகிவிட்டதை அவரே தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தம் அவர்மேல் வரவில்லை. கேள்வி கேட்கும் ஒரு பிள்ளைக்கு அன்று ஓதிக்கொடுத்தவர்கள் என்ன பதில் வைத்திருந்தார்கள் என்றே யோசனை ஓடுகிறது.

வேட்டையையும் அவர் மறைக்கவில்லை. ஆய்வுக்காக ஆயிரக்கணக்கில் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர். அடையாளம் உறுதிசெய்ய வேறு வழி இல்லை என்று வாதிட்டார். 1937-ல் ஆப்கானிஸ்தான் பயணத்தில் உடன் வந்த மைனர்ட்சாகன் என்ற ஆங்கிலேயக் கர்னல் தன் நாட்குறிப்பில் இவரை மட்டம் தட்டி எழுதியிருந்தார். பல ஆண்டு கழித்து அதைக் கண்ட சலீம் அலி, கோபப்படாமல் தன் சொந்த நூலிலேயே அதை எடுத்துப் போட்டுச் சிரித்தார். அந்தக் கர்னல் அருங்காட்சியகப் பறவைகளைத் திருடிப் பொய்யான குறிப்பு எழுதி வைத்தவர் என்பது பிற்பாடு வெளியானது.

மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய், ஐரோப்பாவில் ஓட்டிச் சென்று இறங்கினார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று அங்கே பேச்சு பரவியது. அதைக் கேட்டு அவருக்கு அந்தப்படியே செய்திருக்கலாமே என்று தோன்றியதாம்.

பிழை இல்லாத வாழ்க்கையும் அல்ல. ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலை காக்கப்பட்டதில் அவர் பங்கு பெரியது. அது தேசியப் பூங்காவானபோது உள்ளே எருமை மேய்வதை நிறுத்த வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1982-ல் தடை வந்தது. தலைமுறையாக மேய்த்துவந்த கிராமத்தாருக்கும் போலீசுக்கும் மோதல் மூண்டு உயிர்கள் போயின. அவருடைய சங்கமே அங்கு நடத்திய நீண்ட ஆய்வு, எருமைகள் போன பிறகு புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்ததையும், பறவைகளுக்கு அது கெடுதலானதையும் காட்டியது. கிஹிமில் மாதக்கணக்காக உட்கார்ந்து பார்த்த அதே பொறுமை பரத்பூரின் மேய்ப்பர்கள் விஷயத்திலும் இருந்திருக்கலாம்.

விருதுகள் வந்தன. 1958-ல் பத்மபூஷண், அதே ஆண்டில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம், 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி. கெட்டி வனவிலங்குப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக ஒதுக்கிவிட்டார். 1985-ல் தன்வரலாறு வந்தது. சிறுவயதில் சுட்டு வீழ்த்திய அந்தக் குருவியையே நூலுக்குப் பெயராக்கியிருந்தார். 1987-ல் 90-வது வயதில் காலமானார்.

தமிழ்நாட்டோடு அவருக்குத் தொடர்பு உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் அவர் தொடங்கிவைத்த வளையமிடும் பணியைச் சங்கம் தொடர்ந்தது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-ல் அமைந்த பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்குகிறது. கோவைப் பக்கம் போகும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு அந்த மையத்தைப் பற்றியும் சொல்லலாம். தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-ல் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண வௌவால் என்ற சீட்டோடு அவருடைய சங்கத்தின் சேகரிப்பிலேயே 20 ஆண்டுக்கு மேல் கிடந்தது. அது உலகில் யாரும் அறியாத புது இனம் என்று தாய்லாந்து அறிஞர் ஒருவர் கண்டுபிடித்து, 1972-ல் அதற்குச் சலீம் அலியின் பெயரையே சூட்டினார்.